விழிப்புணர்வு இல்லாதவர்கள் யார்?

மூன்று நாளாகச் சுற்றும் அந்தப் பதிவைப் பற்றித்தான். யார் எழுதியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் சூளைக்கு வரும் ஒடிசாக்காரர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில்லையாம், தட்டம்மையை நம் பிள்ளைகளுக்கு ஒட்டவிடுகிறார்களாம், விழிப்புணர்வே இல்லையாம். கீழே ஒரே கைதட்டல்.

தட்டம்மை ஊசி 9 மாதத்தில் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் இன்னொன்று. முதல் ஊசி இங்கே என்றால் இரண்டாவதற்குள் சூளை சீசன் முடிந்து குடும்பம் வேறு எங்கோ இருக்கும். நம் துணை சுகாதார நிலையத்தில் ஊசி புதன்கிழமை. கல் அறுத்த கணக்குக்குத்தான் கூலி. புதன்கிழமை போனால் அன்றைய கூலி போச்சு. நர்சம்மாக்கள் சூளைக்கே போய்ப் போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பழைய தடுப்பூசி அட்டை எங்கே என்று தமிழில் கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? இதில் விழிப்புணர்வு எங்கே வந்தது?

விழிப்புணர்வு பற்றிப் பேசலாமா? 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, ஊசி ஆபத்து என்று தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தியைப் பரப்பியது சூளைத் தொழிலாளியா? எங்கள் குடும்பக் குழுவில் அதை அனுப்பியவர் இன்ஜினீயரான என் அண்ணன். ஊசிக்குச் சம்மதம் கேட்ட பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்தும் போடவில்லை. நேற்று அந்தப் பதிவுக்கு இதயம் விட்டிருக்கிறார். நல்லது அண்ணா.

"நோய் பரவுவது உண்மைதானே?" என்பீர்கள். உண்மைதான். தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைக்க முடியும். 95 சதவீதம் பேர் இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அடங்கும். 2023இல் உலகம் முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். முதலில் சாவது அந்தச் சூளைப் பிள்ளைதான், உங்கள் பிள்ளை இல்லை. பயம் மட்டும் உங்களுக்கு.

"இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியா சார்? நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டு அரசின் இலவசத் திட்டத்துக்கு வந்தது 2021இல். அதற்கு முன்பே தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்குச் சில ஆயிரம் கொடுத்து என் மகளுக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவின் பேரனுக்கும் அதே வயது. அவனுக்குக் கிடைக்கவில்லை. விழிப்புணர்வு இல்லாமலா? அந்த ஊசி எதற்கென்று அன்று எனக்கே தெரியாது. டாக்டர் சொன்னார், கார்டை நீட்டினேன், அவ்வளவுதான்.