அது "தலைகீழ்" இல்லை, குழப்பம்

குழந்தை உடைகளின் நிறம் காலப்போக்கில் மாறியதைக் கட்டம் கட்டமாகத் தைத்துக் காட்டும் ஒரு போர்வையைப் பற்றிய பதிவில், "1940 வரை அமெரிக்காவில் பையன்களுக்கு ரோஸ், பெண்களுக்கு நீலம், அப்புறம் அப்படியே தலைகீழாகிவிட்டது, இந்தப் போர்வையின் கட்டங்களே ஆதாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். போர்வை அழகுதான், ஆனால் அது எந்தத் தரவை வைத்துத் தைக்கப்பட்டதோ அதை மட்டும்தான் சொல்லும்.

1918-இல் ஒரு வணிக இதழ் ரோஸ்தான் பையன்களுக்கு என்று எழுதியது உண்மை. 1927-இல் டைம் இதழ் பெரிய கடைகளின் பரிந்துரையை அட்டவணையாகப் போட்டபோது பாஸ்டன் ஃபைலீன்ஸ், சிகாகோ மார்ஷல் ஃபீல்ட் எல்லாம் பையனுக்கு ரோஸ் என்றன, சரி, ஆனால் அதே அட்டவணையில் வேறு சில கடைகள் நேர்மாறாகச் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறியது. பழைய புத்தகங்களில் சொற்களைத் தேடி எண்ணிப்பார்த்து 2012-இல் உளவியல் ஆய்வாளர் மார்கோ டெல் ஜூடிச்சே ஓர் ஆய்விதழுக்கு எழுதிய கடிதமும் இந்தத் தலைகீழ்க் கதையைச் சந்தேகித்தது.

அதற்கும் முன்னால் கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளைக் கவுன்தான், ஆணோ பெண்ணோ. கறை பட்டால் கொதிக்கவைத்து வெளுக்கலாமே! 1884-இல் எடுத்த படத்தில் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான குட்டி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கவுனோடும் நீள முடியோடும் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். நேர்மையாகத் தைத்தால் அந்தக் காலத்துக் கட்டங்களில் பாதிக்கு மேல் வெள்ளையாகத்தான் இருக்கும், போர்வை கொஞ்சம் சப்பென்று தெரியும், அவ்வளவுதான்.