இறந்தவருக்குத் தரும் ஈரம்

‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலில் வரும் அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளில், அங்கே குலங்களாக வாழும் ஃப்ரெமென் மக்கள் இறந்தவரின் உடலிலிருந்து நீரைப் பிரித்தெடுப்பதை இரக்கமற்ற வழக்கம் என்று ஒரு கட்டுரையாளர் ஒதுக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. மழையே காணாத, வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் மீட்டுத் தரும் உடையை அணிந்தே நடமாட வேண்டிய அந்தப் பாலையில், உடலைப் புதைத்து நீரை மணலுக்குக் கொடுப்பதுதான் குலத்துக்குச் செய்யும் துரோகமாகும். நம் உலகிலும், மரமும் மண்ணும் அரிதான திபெத்தில் சடலத்தைக் கழுகுகளுக்கு அளிக்கும் வழக்கம் வேரூன்றியதிலும் நிலத்தின் பங்கு உண்டு.

1965இல் வெளியான அந்நாவலில் என்னை உலுக்கியது ஜேமிஸ் என்ற ஃப்ரெமென் வீரனின் இறுதிச் சடங்குதான். தோழர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாம் அவனுடைய நண்பர் என்று சொல்லி, அவன் உடைமைகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அவனுடைய நீரோ 33 லிட்டரும் சில துளிகளுமாக அளக்கப்பட்டு, அவனைச் சண்டையில் வென்ற கதைநாயகன் பால் அட்ரெய்டீஸுக்கு, அந்த நீரின் அளவைக் குறிக்கும் உலோக வளையங்களாக வழங்கப்படுகிறது. அதற்கு முன்பே, பேச எழுந்த பாலின் கண்கள் கலங்கிவிடுகின்றன. இறந்தவனுக்கு ஒருவன் தன் ஈரத்தையே கொடுக்கிறானே என்று திகைத்த கூட்டத்திலிருந்து ஒரு விரல் நீண்டு, நனைந்த அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறது.