மாட்டிவிட்டது யாரு?

பழைய ஹாலிவுட் காமெடி ஜோடி லாரல் ஹார்டி பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "அனதர் ஃபைன் மெஸ்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஹார்டி அப்படிச் சொன்னதே இல்லை. அவர் சொன்னது "நைஸ் மெஸ்". 1930-ல் வந்த குறும்படம் ஒன்றுக்கு 'அனதர் ஃபைன் மெஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவர் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. (மெஸ் என்றதும் வாழையிலை ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது அந்த மெஸ் இல்லை, சிக்கல் என்று அர்த்தம்.) "நல்ல வேலை பண்ணினே போ!" என்று தலையில் அடித்துக்கொள்வோமே, அந்த 'நல்ல'தான் இந்த நைஸ்.

வார்த்தையை விடுங்கள். "இப்படிக் கொண்டுவந்து மாட்டிவிட்டியே" என்று ஹார்டி எப்போதும் ஸ்டான் லாரல் தலையில் பழியைப் போடுகிறாரே, அது எவ்வளவு அநியாயம் என்று தெரிய இந்தப் படமே போதும். அரை மணி நேரம்கூட ஓடாது. போலீஸ்காரரை "மேடம்" என்று கூப்பிட்டுத் துரத்தல் வாங்கித் தந்தது ஸ்டான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் யார் யோசனை? ஊரில் இல்லாத ஒரு கர்னலின் பங்களாவில் போய் ஒளிகிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்க ஒரு ஜோடி வருகிறது. ஹார்டி சட்டென்று கர்னலாகி மிடுக்காக நிற்கிறார். பட்லர் வேலை ஸ்டானுக்கு. வேலைக்காரி ஆக்னஸும் ஸ்டானேதான்! ஒருத்தரைக் கூப்பிட்டால் இன்னொருத்தர் காணாமல் போகவேண்டும், பாவம்.

ஆக்னஸாக சோபாவில், வீடு பார்க்க வந்த பெண்ணாக நடிக்கும் தெல்மா டாட் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமும் சிரிப்புமாக அரட்டை அடிக்கிற இடம் இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஹார்டி விரித்த வலையில் நின்றுகொண்டு அந்த மனுஷன் ஜாலியாகக் கதை பேசுகிறார். அப்புறம் மறந்துவிட்டுப் போன வில் அம்பைத் தேடி நிஜக் கர்னலே திரும்பி வருகிறார். அதோடு தொலைந்தது எல்லாம்.

திரைக்குப் பின்னால் கதையே தலைகீழ். இந்தக் கதை ஸ்டானின் அப்பா எழுதிய மேடை நாடகம். 1927-லேயே இதே ஜோடி இதை மௌனப் படமாக நடித்திருக்கிறார்கள். எந்தப் படமானாலும் எந்த இடத்தில் யார் வழுக்கி விழவேண்டும் என்று மண்டையைக் குடைந்துகொள்வது ஸ்டான்தான். அங்கே ஹார்டியை உண்மையாகவே மாட்டிவிடுகிற ஆள் அவர்தான். ஆனால் அங்கே ஹார்டி ஒரு வார்த்தை குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஷூட்டிங் முடிந்தால் அவர் கோல்ஃப் மட்டையோடு கிளம்பிவிடுவார். ஸ்டான் எடிட்டிங் அறைக்குப் போய்விடுவார்.