வாத்துகளைப் பிரித்தது போதும்

கனடா வாத்தை இரண்டு இனங்களாகப் பிரித்த விஷயத்தில் பறவை பார்ப்பவர்களுக்கு இருக்கும் எரிச்சல் நியாயமானது. அறிவியல் தெரியாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்குபவர்கள், குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள வில்லமெட் பள்ளத்தாக்குக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

2004 வரை எல்லாமே ஒரே இனம். கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். அந்த ஆண்டு அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் டிஎன்ஏ ஆய்வுகளை வைத்து இதை இரண்டாக்கியது. பெரியவை கனடா வாத்து, தூந்திரப் பகுதியில் கூடு கட்டும் சிறியவை கேக்லிங் வாத்து. இரண்டு ஓரங்களிலும் சிக்கல் இல்லை. குட்டை அலகும் கீச்சுக் குரலுமாக ஒன்றரைக் கிலோவில் இருக்கும் மினிமா என்ற கேக்லிங் வகையை ஐந்து கிலோ கனடா வாத்தோடு யார் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள்?

தொல்லையெல்லாம் நடுவில்தான். டேவர்னர் என்ற உள்ளினம் (ஓர் இனத்துக்குள் அடங்கும் பிரிவு) கேக்லிங் பக்கம், லெஸ்ஸர் என்ற உள்ளினம் கனடா பக்கம். உருவமோ ஏறக்குறைய ஒன்றுதான். அலகின் நீளம், நெற்றியின் சரிவு, மார்பின் நிறம் என்று எதை எடுத்தாலும் ஒன்றின் அளவு மற்றதற்குள் போய்விடுகிறது. ஆணைவிடப் பெண் சிறியது என்பதும் சேர்ந்துகொள்கிறது. மேயும்போது கழுத்தைச் சுருக்கி டேவர்னர் மாதிரி தெரிந்த பறவை, கழுகைப் பார்த்து நிமிர்ந்ததும் லெஸ்ஸர் ஆகிவிடும். உள்ளினமாக இருந்தவரை இது விரும்பியவர்கள் ஆராயும் நுணுக்கமாக இருந்தது. இப்போது பார்த்த பறவைகளைப் பட்டியல் போடும் எல்லோர் தலையிலும் விழுந்துவிட்டது.

பறவை ஆய்வாளர் ஹரால்ட் ஹான்சன் பிரிப்பதில் இன்னும் மேலே போனார். அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட மிகப்பெரிய கனடா வாத்து உள்ளினத்தை 1962இல் மினசோட்டாவில் மறுபடி அடையாளம் கண்ட பெரிய மனிதர் அவர். பிற்காலத்தில் இவற்றை ஆறு இனங்களாகவும் இருநூறுக்கு மேற்பட்ட உள்ளினங்களாகவும் பிரித்தார். நல்லவேளை, துறை ஏற்கவில்லை.

தனி இனம் என்றால்தான் பாதுகாப்பு கிடைக்கும் என்பார்கள். அப்படியில்லை. நரிகளைக் கொண்டுபோய் விட்டதால் தீவுகளில் அழியப்போன அலூஷன் வாத்து, உள்ளினமாக இருந்தபோதே அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறி, மீண்டு, 2001இல் வெளியே வந்தது. டஸ்கி வாத்து இன்றும் உள்ளினம்தான். 1964 நிலநடுக்கத்தில் அலாஸ்காவின் காப்பர் ஆற்றுக் கழிமுகம் மேலெழும்பி, சதுப்பில் புதர் மண்டி, கரடியும் கழுகும் முட்டைகளுக்கு எளிதாக வர ஆரம்பித்தன. டஸ்கியைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே ஓரிகனில் வேட்டைக்காரர்கள் வாத்தை அடையாளம் காணும் தேர்வு எழுதுகிறார்கள்.

சரி, பிரித்தாகிவிட்டது. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில் "கேக்லிங்/கனடா" என்றே ஒரு பதிவு இருக்கிறது. சந்தேகம் வந்தால் தயங்காமல் அதைப் போடுங்கள். புதிதாக வருபவர் அதைப் போட்டால், "இதுகூடத் தெரியவில்லையா?" என்று மூத்தவர்கள் யாரும் கேட்காதீர்கள்.