சுவர் இல்லாத ஒற்றுமை

சுவர்கள் இல்லாவிட்டால் ஊழியர்களிடையே ஒற்றுமை வளருமாம். எங்கள் தொண்டு நிறுவனத்தைப் புது இடத்துக்கு மாற்றியபோது நிர்வாகக் குழு திருவாய் மலர்ந்தருளிய தத்துவம் இது. வாடகை குறைவு என்று நேராகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020 சட்டத் திருத்தம் 20 ஆக்கிவிட்டது. வாடகையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அது எங்களுக்கும் தெரியும். பிறகு எதற்கு ஒற்றுமை வேஷம்?

ஒரே கூடம், ஒரே ஏ.சி. அதன் நேர்க்கீழே இருப்பவர் சால்வையோடு. மூலையில் இருப்பவர் விசிறியோடு. கணக்காளர் நன்கொடையாளர்களின் வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது எண்களை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறார். அடுத்த மேசையில் ஆலோசகர், கணவனிடம் அடிவாங்கிய பெண்ணிடம் போனில் பேசுகிறார். "யாருக்கும் தெரியாது, தைரியமாகச் சொல்லுங்கள் அம்மா" என்கிறார். கூடமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! பாவம், இப்போதெல்லாம் அவர் மாடிப்படிக்குப் போய்விடுகிறார். அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

தடுப்பு கேட்டோம். யாரோ நன்கொடையாகத் தள்ளிவிட்ட பழைய இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்றைத் திறந்தால் போதும், அது போடும் கிறீச்சில் எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிடுவார்.

இயக்குநருக்கு மட்டும் கண்ணாடி அறை, கதவு, தாழ்ப்பாள், தனி ஏ.சி. ஒற்றுமை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதோ என்னவோ!