லேப்டாப்பைக் கடைசியில் வாங்குங்கள்: பிஎல்சி சாஃப்ட்வேர் லைசன்ஸ் பற்றிக் கொஞ்சம் விவரமாக

"இனி பிஎல்சி வேலைக்கு வெளியாளைக் கூப்பிட வேண்டாம், நம்ம மெயின்டனன்ஸ் பசங்களே பார்க்கட்டும்" என்று ஆலையில் முடிவானதும் முதலில் நடப்பது லேப்டாப் வாங்க இன்டென்ட் போடுவது. (பிஎல்சி என்றால் மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்; லேப்டாப்பில் உள்ள சாஃப்ட்வேரில்தான் அதற்குப் புரோகிராம் எழுதுவார்கள்.) மெல்லிய உடம்பு, 14 இஞ்ச், லேன் போர்ட் கிடையாது. அது வந்து இறங்கிய பிறகு சாஃப்ட்வேர் கொட்டேஷன் வரும். தொகையைப் பார்த்ததும் ஜிஎம் முகம் மாறும். அப்புறம் யாரோ ஒருவர் பென்டிரைவில் திருட்டு சாஃப்ட்வேரோடு வருவார். இந்த வரிசையே தலைகீழ். முதலில் பேனல், அடுத்து எந்த லைசன்ஸ் என்ற முடிவு, கடைசியில்தான் லேப்டாப்.

பேனல் என்றால் பிஎல்சி இருக்கும் மின்பெட்டியின் கதவை நிஜமாகவே திறந்து பார்ப்பது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: சிபியுவின் (பிஎல்சியின் மூளை மாட்யூல்) ஆர்டர் நம்பர், ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் உள்சாஃப்ட்வேர்) வெர்ஷன், ஹெச்எம்ஐ (ஆபரேட்டர் பார்த்து இயக்கும் ஸ்கிரீன்) மாடல், கேபிள் சொருக எந்த போர்ட். "சீமென்ஸ் பிஎல்சி" என்று மட்டும் எழுதி வைத்தால் எதற்கும் உதவாது. 6இஎஸ்7 214-1ஏஜி40-0எக்ஸ்பி0 என்று முழுசாக இருந்தால்தான் அது எஸ்7-1200 வரிசையின் 1214சி, டிசி/டிசி/டிசி வகை என்று தெரியும். கோவை, திருப்பூர், ஓசூர் பக்கம் ஒரே கூரைக்குக் கீழ் நாலு பிராண்டு இருப்பது சாதாரணம். அதனால் எந்த பிராண்டு எத்தனை மெஷினில் என்ற கணக்கு கையில் இல்லாமல் டீலரிடம் பேசவே கூடாது.

அந்த லிஸ்டில் பாதி இலவசத்திலேயே முடிந்துவிடலாம். டெல்டாவுக்கு டபிள்யூபிஎல்சாஃப்ட், ஐஎஸ்பிசாஃப்ட் இரண்டுக்கும் காசு கிடையாது. ஷ்னைடர் எம்221க்கு மெஷின் எக்ஸ்பெர்ட் பேசிக் இலவசம். ராக்வெல்லின் மைக்ரோ800 குடும்பத்துக்கு சிசிடபிள்யூ ஸ்டாண்டர்டு இலவசம். கோடிசிஸ் எடிட்டரும் அப்படியே. பெக்காஃப் ட்வின்கேட் 3இல் புரோகிராம் எழுத லைசன்ஸ் தேவையில்லை. எழுதியதை ஓட்டும் ரன்டைமுக்கு 7 நாள் டிரையல். அது முடிந்தால் திரையில் காட்டும் எழுத்துகளை அடித்து மறுபடி 7 நாள் வாங்கிக்கொள்ளலாம். பழகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காசு போகிற இடம் சீமென்ஸும் ராக்வெல்லும்தான். மிட்சுபிஷிக்கும் காசு உண்டு, ஆனால் குழப்பம் குறைவு. எஃப்எக்ஸ்3யு, கியூ, எல் என்றால் ஜிஎக்ஸ் வொர்க்ஸ்2. எஃப்எக்ஸ்5யு, ஐகியூ-ஆர் என்றால் ஜிஎக்ஸ் வொர்க்ஸ்3. அவ்வளவுதான்.

சீமென்ஸில் முதல் கேள்வி: பேசிக்கா, புரொஃபஷனலா? எஸ்7-1200 மட்டும்தான் இருக்கிறது என்றால் சீமென்ஸின் புரோகிராமிங் சாஃப்ட்வேரான ஸ்டெப் 7இன் பேசிக் வகை போதும். ஒரே ஒரு எஸ்7-1500 இருந்தாலும் புரொஃபஷனல் வேண்டும். இதில் அதிகம் பேர் தடுக்கி விழுவது ஹெச்எம்ஐயில். ஸ்டெப் 7 வாங்கினால் கூடவே ஹெச்எம்ஐக்கான வின்சிசி பேசிக் வரும், அதில் கேடிபி700 போன்ற 'பேசிக் பேனல்' ஸ்கிரீன்களைத்தான் தொட முடியும். மெஷினில் இருப்பது டிபி700 கம்ஃபோர்ட் என்றால் வின்சிசி கம்ஃபோர்ட் தனியாக வாங்கணும். யூனிஃபைடு பேனல் என்றால் வின்சிசி யூனிஃபைடு. புரொஃபஷனலுக்குக் காசைக் கொட்டிவிட்டு, ஸ்கிரீனில் ஒரு செட்பாயின்ட் லிமிட்டை மாற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆலைகள் இருக்கின்றன. பேனல் லிஸ்டில் ஹெச்எம்ஐ மாடலையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது கேள்வி வெர்ஷன். டிஐஏ போர்ட்டலில் (இப்போதைய ஸ்டெப் 7, வின்சிசி எல்லாம் உட்காரும் சீமென்ஸ் தளம்) ஒரு புராஜெக்டைப் புது வெர்ஷனில் திறந்து அப்கிரேட் செய்துவிட்டால் பழைய வெர்ஷனில் அது திறக்காது. மெஷின் பில்டர் வி16இல் கொடுத்ததை நீங்கள் வி18க்கு ஏற்றிவிட்டால், அடுத்த முறை அவர் வி16 லேப்டாப்போடு வரும்போது சண்டைதான். எஸ்7-1200இல் ஃபர்ம்வேர் 4.4க்கு வி16, 4.5க்கு வி17, 4.6க்கு வி18 என்று ஜோடி போகும். ஆகவே ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று வெர்ஷன் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டியதுதான். டிஐஏ வரிசைக்குள் புது வெர்ஷனின் லைசன்ஸ் கீ பழைய வெர்ஷனையும் திறக்கும். வி16க்கு ஒன்று, வி18க்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டாம்.

எஸ்7-300 வேறு கதை. 2023 அக்டோபரிலேயே அதை வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கிவிட்டார்கள், இப்போது ஸ்பேராகத்தான் கிடைக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் 300கள் இன்னும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை சிமாட்டிக் மேனேஜரில், அதாவது ஸ்டெப் 7 வி5.எக்ஸில் எழுதியவை. "டிஐஏவிலும் 300 வருமே" என்று விற்பவர் சொல்வார். வரும்தான். ஆனால் புரோகிராமை மைக்ரேட் செய்து, சிபியுவை ஸ்டாப்பில் போட்டு, முழுசாக டவுன்லோடு செய்யணும். ரொம்பப் பழைய 300 மாட்யூல்கள் டிஐஏ கேட்டலாக்கிலேயே இல்லை. ஓடும் மெஷினை அதற்காக நிறுத்துவது வீண் வேலை. வி5.எக்ஸுக்கும் சேர்த்துக் கீ தரும் காம்போ லைசன்ஸ் இருக்கிறது. 300 வைத்திருப்பவர்கள் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கொட்டேஷன் வந்ததும் கீழே இருக்கும் தொகையை விட்டுவிட்டு ஆர்டர் நம்பரையும் விளக்க வரியையும் படியுங்கள். மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாக ஒருவர் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 'அப்கிரேட்' லைசன்ஸாக இருக்கும். பழைய கீ கையில் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. சிங்கிளா ஃப்ளோட்டிங்கா என்பதையும் பாருங்கள். இரண்டு ஷிப்ட் இன்ஜினியர்கள் தனித்தனி லேப்டாப்பில் மாறி மாறிப் பயன்படுத்துவதென்றால் ஃப்ளோட்டிங். லைசன்ஸ் கம்பெனி பெயரில் இருக்கணும். புரோகிராமர் பெயரிலோ, அவருடைய சொந்த மெயில் ஐடியிலோ பதிவாகியிருந்தால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் லைசன்ஸும் கூடவே போகும்.

இனி கீ. சீமென்ஸ் லைசன்ஸ் ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் வரும். ஆட்டோமேஷன் லைசன்ஸ் மேனேஜரில் அதை ஹார்டு டிஸ்க்குக்கு டிரான்ஸ்ஃபர் செய்கிறோம். இது காப்பி இல்லை, நகர்த்தல். ஸ்டிக்கில் இருந்து போய் சி டிரைவில் 'ஏஎக்ஸ் என்எஃப் இசட்இசட்' என்ற பெயரில் மறைந்திருக்கும் ஃபோல்டரில் உட்காரும். வழியில் கிடக்கும் குப்பை என்று நினைத்து ஐடி ஆள் அதை அழித்தால் லைசன்ஸ் காலி. லேப்டாப் ஸ்லோ என்று ஃபார்மட் அடித்தாலும் காலி. எஸ்எஸ்டி மாற்றும் முன், விண்டோஸ் மறுபடி போடும் முன், கீயை ஸ்டிக்குக்குத் திருப்பி அனுப்பியே ஆகணும். ஸ்டிக்கோடு வரும் லைசன்ஸ் சர்ட்டிஃபிகேட் பேப்பரை அக்கவுண்ட்ஸ் ஃபைலில் போடுங்கள். கீ தொலைந்தால் சீமென்ஸ் சப்போர்ட்டிடம் காட்ட அதுதான் ஆதாரம்.

ராக்வெல்லில் கட்டுவது வேறு மாதிரி. ஃபேக்டரிடாக் ஆக்டிவேஷன் ஒரு ஹோஸ்ட் ஐடியோடு முடிச்சுப் போடும்: டிஸ்க் சீரியல், மேக் அட்ரஸ், அல்லது யூஎஸ்பி டாங்கிள். லிஸ்டில் முதலாவதாகத் தெரிகிறதே என்று மேக் அட்ரஸைத் தேர்ந்தெடுப்பார்கள். அது டாக்கிங் ஸ்டேஷனின் லேன் கார்டாக இருக்கும். மேஜையில் ஜோராக வேலை செய்யும். லேப்டாப்பைக் கழற்றி ஷாப் ஃப்ளோருக்குக் கொண்டுபோனதும் ஆக்டிவேஷன் இல்லை என்று வரும். டாங்கிளுக்குக் காசு கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று: கன்ட்ரோலரில் ஃபர்ம்வேர் 20 என்றால் ராக்வெல்லின் புரோகிராமிங் சாஃப்ட்வேரான லாஜிக்ஸ் டிசைனரில் வேறு வெர்ஷன் வைத்து ஆன்லைன் போக, அதாவது கன்ட்ரோலரோடு இணைந்து பேச, முடியாது. 1769-எல்35இ, 1756-எல்61 போன்றவை 20க்கு மேல் ஏறவே ஏறாது. அவை இருக்கும் ஆலையில் லாஜிக்ஸ் டிசைனரின் பழைய பெயரான ஆர்எஸ்லாஜிக்ஸ் 5000இன் 20ஆம் வெர்ஷனும் லேப்டாப்பில் இருந்தாகணும்.

இப்போது அந்தப் பென்டிரைவ்காரருக்கு வருவோம். நியாயம் அநியாயம் பேசப்போவதில்லை, கணக்கு மட்டும். காப்பிரைட் சட்டம் 1957இன் 63பி பிரிவு, திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஒழுங்காக பில்லோடு வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் கிடைக்கும், வருமான வரியில் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் 40 சதவீதத் தேய்மானம் போடலாம். கொட்டேஷன் தொகையை முழுச் செலவாக நினைத்து மிரள்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்கட்டும்.

அதைவிடப் பெரிய பயம் வேறு. 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், ஸ்டெப் 7 பிஎல்சியோடு பேசப் பயன்படுத்தும் டிஎல்எல் ஃபைலையே மாற்றி வைத்தது. அது நாடுகளுக்கு இடையிலான விவகாரம் என்று ஒதுக்கலாம். 2022இல் டிராகோஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டதை அப்படி ஒதுக்க முடியாது. பிஎல்சி பாஸ்வேர்டை உடைத்துத் தருவதாக நெட்டில் விற்கும் சின்ன சாஃப்ட்வேர் ஒன்றை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பாஸ்வேர்டை அது எடுத்துக் கொடுக்கத்தான் செய்தது. கூடவே சேலிட்டி என்ற மால்வேரையும் கம்ப்யூட்டரில் இறக்கியது. பாஸ்வேர்டு கிடைத்துவிட்டதால் யாருக்கும் சந்தேகமே வராது. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க ஜி" என்ற குறிப்போடு வரும் கீ ஜெனரேட்டரும் அதே ஜாதிதான்.

சரி, லேப்டாப். இத்தனையும் தெரிந்த பிறகு அது சுலபமான முடிவு. டிஐஏ வி17, வி18க்கெல்லாம் 16 ஜிபி ராம் என்பது தொடக்கம். பழைய சாஃப்ட்வேரை விர்ச்சுவல் மெஷினில் (லேப்டாப்புக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு விண்டோஸ், சுருக்கமாக விஎம்) ஓட்டுவதென்றால் 32 வேண்டும், அதனால் ராம் ஸ்லாட் இருக்கிறதா, போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 1 டிபி நிம்மதி. 1366x768 ஸ்கிரீனில் டிஐஏவைத் திறந்தால் லேடர் எனும் புரோகிராம் வரைபடத்துக்கு மிஞ்சுவது இரண்டு வரிசை உயரம்தான், 1920x1080, 15.6 இஞ்ச் எடுங்கள். கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. ஸ்னாப்டிராகன் போன்ற ஏஆர்எம் சிப் லேப்டாப், புது மேக்புக் இரண்டும் வேண்டாம். இந்த சாஃப்ட்வேர்களும் கேபிள் டிரைவர்களும் இன்டெல், ஏஎம்டிக்கு எழுதப்பட்டவை. விண்டோஸ் புரோவாக இருக்கட்டும், ஸ்டெப் 7 புரொஃபஷனல் ஹோமை ஏற்பதில்லை.

என் கருத்து, புது மெல்லிய லேப்டாப்பைவிட சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ரீஃபர்பிஷ்டு திங்க்பேடோ லாட்டிட்யூடோ இந்த வேலைக்கு மேல். ஆர்ஜே45 போர்ட் உடம்பிலேயே இருக்கும், ராம் மாற்றலாம், எண்ணெய்க் கையோடு தட்டினாலும் கீபோர்டு தாங்கும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் 11 அதை ஏற்காது, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

விர்ச்சுவல் மெஷினுக்கு விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து கம்பெனி உபயோகத்துக்கும் இலவசம். ஒரு பிராண்டுக்கு ஒரு விஎம் வைத்தால் டிரைவர்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாது. கவனிக்க வேண்டியது இரண்டு. விஎம்மை லேப்டாப்பின் லேன் கார்டோடு இணைக்கும் பிரிட்ஜ்டு நெட்வொர்க்கை 'ஆட்டோமேட்டிக்'கில் விட்டால் அது வைஃபையைப் பிடித்துக்கொள்ளும், பிஎல்சி தெரியவே தெரியாது. லேன் கார்டைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். அடுத்தது ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது. கீயை விஎம்முக்குள் நகர்த்திய பிறகு, அதற்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் விஎம்மிலும் கீ இருக்காது, ஸ்டிக்கிலும் இருக்காது.

இன்ஸ்டாலேஷனில் டிஐஏ 'ரீஸ்டார்ட் செய்' என்று திரும்பத் திரும்பக் கேட்டு அடம் பிடித்தால் பயப்பட வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர் வரை போய், 'பெண்டிங்ஃபைல்ரீநேம்ஆபரேஷன்ஸ்' என்ற ஒரு வேல்யூவை மட்டும் நீக்கிவிட்டுத் தொடருங்கள். அந்த செஷன் மேனேஜர் ஃபோல்டரையே நீக்கிவிடாதீர்கள்.

கேபிளில் மிச்சம் பிடிப்பது பொல்லாத சிக்கனம். போலி பிஎல்2303 சிப் போட்ட யூஎஸ்பி-சீரியல் கேபிள் புது விண்டோஸில் 'கோடு 10' என்று நிற்கும். எஃப்டிடிஐ சிப் போட்ட ஒரிஜினல் வாங்குங்கள். ஐசொலேஷன் (இரு பக்க மின்சுற்றும் நேரடியாகச் சேராத பிரிப்பு) உள்ளதாகவே வாங்குங்கள். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உடம்பு எர்த்தோடு சேராமல் மிதக்கும்; சார்ஜருக்குள் இருக்கும் ஒய் கெபாசிட்டர் வழியாக லேசாக மின்சாரம் கசியும். கைக்கு ஒரு மெல்லிய குறுகுறுப்பாகத் தெரிவது அதுதான். அதே நிலையில் ஐசொலேஷன் இல்லாத கேபிளை பிஎல்சியின் ஆர்எஸ்485 சீரியல் போர்ட்டில் சொருகினால் போர்ட் சிப் போய்விடலாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் வைத்துக் கேபிளைச் சொருகுவது பழக்கமாக வேண்டும்.

லைசன்ஸுக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடும் முன் ஒரு வேலை பாக்கி. ஸ்டெப் 7க்கு 21 நாள் டிரையல் இருக்கிறது. லேப்டாப் வந்த அன்றே அதைத் தொடங்கிவிடாதீர்கள், தீபாவளி லீவிலேயே நாள் ஓடிவிடும். மெயின்டனன்ஸ் ஷட்டவுன் வருகிற வாரமாகப் பார்த்துத் தொடங்கி, லிஸ்டில் உள்ள ஒவ்வொரு சிபியுவோடும் ஒரு முறை ஆன்லைன் போய், அதில் உள்ள புரோகிராமை லேப்டாப்புக்கு அப்லோடு எடுத்து, மெஷின் பில்டர் கொடுத்த ஒரிஜினல் புராஜெக்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்7-300இல் அப்லோடு செய்தால் சிம்பலும் கமென்டும் வராது, எம்12.3 என்ற முகவரி எந்த வால்வு என்று யாருக்கும் தெரியாது. ஒரிஜினல் புராஜெக்ட் ஃபைல் கிடைக்காத மெஷின்களைச் சிவப்பு மையில் குறித்து, அந்த பில்டர்களுக்கு அன்றே மெயில் போடுங்கள். பிஓ அடுத்த வாரம் போனாலும் பரவாயில்லை.