பாலைக் கீழே ஊற்றியிருந்தால்

அணு உலை விபத்து என்று பேச்செடுத்தாலே எண் சண்டை தொடங்கிவிடுகிறது. அன்றைய சோவியத் உக்ரைனில் இருந்த செர்னோபிலில் இறந்தது 31 பேர்தான் என்று ஒருவர் வருவார். லட்சக்கணக்கில் என்பார் இன்னொருவர். இடையில் ஒருவர் 2005-இல் ஐ.நா. அமைப்புகள் சொன்ன 4,000 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார். (அது நடந்து முடிந்த சாவுகளின் கணக்கே இல்லை, அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளான சுமார் 6 லட்சம் பேரில் காலப்போக்கில் நேரக்கூடியது பற்றிய கணிப்பு. யார் அதுவரை படிக்கிறார்கள்!) இந்தச் சண்டையில் இறங்குவதை நான் விட்டுவிட்டேன். அந்த விபத்தில் எனக்கு ஆறவே ஆறாதது பால்.

1986 ஏப்ரல் 26 பின்னிரவில் நான்காம் உலை வெடித்தது. வெளியே கொட்டியவற்றில் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் ஒன்று. அது காற்றில் மிதந்து புல்லில் படிகிறது. மாடு நாளெல்லாம் மேய்ந்து, பரந்த வெளியில் படிந்ததையெல்லாம் மடியில் கொண்டுவந்து சேர்க்கிறது. குழந்தை குடிக்கிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும்; எது நல்லது, எது கதிரியக்கம் உள்ளது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. போதாக்குறைக்கு, பெலாரஸிலும் வட உக்ரைனிலும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் பலருக்கு உணவிலேயே அயோடின் குறைவு. பசித்துக் கிடந்த சுரப்பி வந்ததை எல்லாம் வாரிக்கொண்டது.

வயிறு எரிவது எதற்கென்றால், அயோடின்-131 எட்டே நாளில் பாதியாகிவிடும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாலைக் கீழே ஊற்றியிருக்கலாம். ஊற்ற மனம் வரவில்லையா, பால் பவுடராக்கி மூன்று மாதம் கிடங்கில் போட்டிருக்கலாம். மாட்டைத் தொழுவத்தில் கட்டிவைத்துப் பழைய வைக்கோலைப் போட்டிருக்கலாம். இதற்கெல்லாம் விஞ்ஞானி வேண்டியதில்லை; யாராவது ஒருவர் ஊருக்குள் வந்து சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. உலைக்குப் பக்கத்திலேயே இருந்த பிரிப்யாத் நகரத்தைக் காலி செய்யவே சுமார் 36 மணி நேரம் ஆனது. 28-ஆம் தேதி சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணு மின் நிலையத்தின் கருவிகள் அலறிய பிறகுதான் அன்று மாலை சோவியத் தொலைக்காட்சி நான்கு வரி வாசித்தது. மே 1-ஆம் தேதி கீவ் நகரில் மே தின ஊர்வலம் குழந்தைகளோடு நடந்தது. பாலில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரம்பு வந்தது மே மாதத்தில். வீட்டு மாட்டின் பாலை வீட்டிலேயே குடிப்பவர்களுக்கு அந்த வரம்பால் என்ன பயன்?

அன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சமாதானம் சொல்லாதீர்கள். 1957 அக்டோபரில் பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலை வாரக்கணக்கில் கொட்டினார்கள். அந்த அரசும் ஒன்றும் யோக்கியமில்லை; விசாரணை அறிக்கையை முழுதாக வெளியிட முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஆனால் பாலை ஊற்றிவிட்டது. 1986-இல் சோவியத் அணியிலேயே இருந்த போலந்து, ஏப்ரல் 29 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்தது; சுரப்பி நல்ல அயோடினால் நிரம்பிவிட்டால் கதிரியக்க அயோடினை அவ்வளவாக எடுக்காது.

2005 வரை, விபத்தின்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாமே இந்தப் பாலால் அல்ல, கணிசமான பகுதி அதனால்தான். அவர்களில் இறந்தவர்கள் 15 பேர். அந்த 15-ஐச் சொல்லி ஆறுதல் அடைபவர்கள் உண்டு. கழுத்தின் குறுக்கே தழும்பும், ஆயுள் முழுக்க மாத்திரையும் யாருடைய கணக்கில் வரும்?

அதே வெடிப்பில் வெளிவந்த இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137 வேறு கதை. அது பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். அது காற்றில் போய்ப் படிந்த பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் ஆடு விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு 2012-இல்தான் முழுதாக நீங்கியது.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில், 2011-இல், சில நாள்களுக்குள் பாலையும் கீரையையும் நிறுத்தினார்கள். அங்கே கோட்டைவிட்டது இன்னோர் இடத்தில். படுத்த படுக்கையாக இருந்த முதியவர்களைப் பேருந்தில் உட்காரவைத்து மணிக்கணக்கில் அலைக்கழித்தார்கள். பலர் அதிலேயே போய்விட்டார்கள். இடம்பெயர்ந்த அலைச்சல் போன்ற பேரிடரின் பின்விளைவுகளால் இறந்தவர்கள் என்று அந்த மாகாணத்தில் பதிவானவர்கள் 2,300-க்கும் அதிகம்.

கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவசரகாலப் பயிற்சி என்று அதிகாரிகள் ஊருக்குள் வந்தபோது, மாட்டையும் பாலையும் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? படுக்கையில் கிடக்கும் பாட்டியை எந்த வண்டியில் ஏற்றுவது என்று? பின்னூட்டத்தில் எழுதுங்கள்.